நாளைக்கும் குடுப்பீங்களா?

ஆயாக்காவுக்கு "ஒரு நாள்" என்ற பேச்சே ஆகாது. தீபாவளிக்கு ஒரு நாள் ஆட்டுக்கறி, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு ஒரு நாள் கேக், துரை சீமைக்குப் போய் வந்தால் ஒரு நாள் சர்க்கரைத் தண்ணீர் என்று, தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த நல்லதெல்லாம் ஒரு நாளோடு முடிந்துவிடும். நாங்கள் கையை நீட்டி வாங்கி, கும்பிட்டுவிட்டு வருவோம். அவரும் வாங்குவார். வாங்கிய கையோடு அங்கேயே நின்று, கொடுத்தவர் முகத்தைப் பார்த்து, "நாளைக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்பார்.

கேலியாகக் கேட்பதில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்பார். அதனாலேயே அவரைக் கண்டால் கொடுக்கிறவர்களுக்குக் கோபம் வரும்.

எங்கள் தோட்டம் எஹலியகொடையிலிருந்து ஐந்து மைல் மேலே இருந்தது. பாதி ரப்பர், பாதி தேயிலை. அவர் அங்கே பிள்ளை மடுவத்து ஆயா. ரப்பர்ப் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் போகிற பெண்கள் விடியற்காலையில் கைப்பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் தோட்டத்துத் தபால்காரன். வாரத்தில் இரண்டு நாள் ஸ்டேசனுக்கு இறங்கிப்போய்த் தபால் பையையும் பங்களாவுக்கு வருகிற பெட்டிகளையும் சுமந்து வருவேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேச்சு வராது. வழியில் யாராவது குரல் கொடுத்தால் தலையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன். அவரிடம் மட்டும் அது பலிக்காது.

"தபாலு, இங்க வா. வாயத் தொற."

கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்து ஈறைப் பார்ப்பார். பிள்ளைகளுக்குத் தினமும் செய்வார். பெரியவர்களையும் விடமாட்டார். நான் அப்போது கலியாணமாகி ஒரு பெண் பிள்ளைக்குத் தகப்பன். அப்படிப்பட்டவன், தலையில் துரையின் பெட்டியோடு நடுப்பாதையில் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

"ஈறுல ரத்தம் கசியுது. நேத்து என்ன தின்ன?"

"சோறு."

"முந்தா நாளு?"

"சோறுதான்க்கா."

"தொரைக்கு என்ன கொண்டு போற?"

"ஆப்பிளு."

"அவரு ஈறப் பாத்திருக்கியா?"

துரையின் ஈறை நான் எங்கே பார்ப்பது? சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் பாத்தேன். போன வாரம் காலப் பெரட்டுல ஆளுகள வரிசையா நிறுத்தி வச்சுக் கத்துனாருல்ல, அப்பப் பாத்தேன். ரோசாப்பூ மாதிரி இருக்கு."

ஆப்பிள் அந்த நாளில் எங்களுக்கு வெறும் பெயர். கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கே பனிக்கட்டி அறையில் கிடந்து, சின்ன ரயிலில் ஏறி எஹலியகொடையில் இறங்கும். மெல்லிய பலகைப் பெட்டி. ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகத் தாளில் சுற்றியிருப்பார்கள். பெட்டிக்கு நாற்பது. ஏற்றத்தில் நடக்கும்போது தலைக்கு மேலிருந்து ஒரு வாசனை இறங்கி வரும். அந்த வாசனை மட்டும் எனக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு நடப்பேன்.

துரை தினமும் ஒன்று சாப்பிடுவார், துரைசாணியும் ஒன்று. தோலோடு கடித்துச் சாப்பிட்டால் பல் கெட்டிப்படும், வயிறு ஒழுங்காகக் கழியும், மருந்து மாயம் தேவைப்படாது என்று பங்களாச் சமையற்காரர் அப்பு சொல்வார். நான் அதை ஆயாக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

ஒரு நத்தாருக்குத் துரைசாணி ஒரு கூடையில் ஆப்பிள் எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு வந்தார். பக்கத்தில் பெரிய கங்காணி கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். கூடையை நான் சுமந்து போயிருந்ததால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான்.

"இது என்ன செய்யுமுங்க?" என்று ஆயாக்கா தெரியாதவர் போலக் கேட்டார்.

துரைசாணிக்குத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும். "வயிறு நல்லது. பல்லு நல்லது. பிள்ளைக்கு பலம். ஆனா தினம் திங்கணும். தினம் ஒண்ணு."

"அப்ப நாளைக்கும் குடுப்பீங்களா?"

துரைசாணியின் முகம் சிவந்துபோயிற்று. "நாளைக்கு இல்லை. இன்னைக்கு நத்தார்."

"தினம்னு சொன்னீங்களே, தொரசாணி."

பெரிய கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "ஏய், குடுத்தத வாங்கிக்கிட்டுக் கெட. வாயி நீளுது ஒனக்கு."

"வாங்கிக்கிட்டேனுங்க. மிச்சத்தத்தான் கேக்குறேன்."

துரைசாணி குடையை விரித்துக்கொண்டு இறங்கிப்போனார். ஆயாக்கா பழங்களைக் கீற்றுப் போட்டு இருபத்தேழு பிள்ளைகளின் கையிலும் கொடுத்தார். ஆனால் பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய்மார்கள் அதைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். கடல் தாண்டி வந்த பழம், துரைசாணி கையால் வந்த பழம், அதைத் தின்று தீர்ப்பதா? மாரியம்மன் படம் இருந்த வீட்டில் மாரியம்மனுக்கு முன்னால் வைத்தார்கள். எங்கள் வீட்டில் என் மனைவி மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி ஏற்றினாள். மூன்றாம் நாள் கீற்று கறுத்து எறும்பு மொய்த்தது.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் ஆயாக்கா வீடு வீடாக, காம்பராக் காம்பராவாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மனைவியைப் பார்த்து, "ஏண்டி, வயித்துக் கடுப்பு மாதாவுக்கா, ஒம் மகளுக்கா?" என்று கேட்டார்.

"சாமிக்கு வச்சதுக்கா. அதப் போயி இப்பிடிப் பேசுறீங்களே."

"வச்சியே, சாமி தின்னுச்சா? எறும்பு தின்னுது பாரு. அதுகளுக்கு இனிமே வயித்து வலி வராது."

மாதா கோவிலுக்கு வந்த உபதேசியார் இதைக் கேள்விப்பட்டு, அந்தப் பழத்தால்தானே ஏவாள் கெட்டாள் என்று அவரிடம் சொன்னாராம். "ஏவாளு ஒரே ஒரு தடவ தின்னா, அதுதான் வினை. தினம் தின்னுருந்தா ஒத்துக்கிட்டிருக்கும்" என்று இவர் சொல்லிவிட்டார். உபதேசியார் அதற்குப் பிறகு மடுவத்துப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

துரைசாணி தரமாட்டார் என்று தெரிந்ததும் ஆயாக்கா வேறு வழி பார்த்தார். ஆப்பிள் இல்லாவிட்டால் பழமே இல்லையா என்பது அவர் வாதம். தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அங்கே பப்பாசியும் கொய்யாவும் வாழையும் வேலிக்கு வேலி நிற்கும். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும், தையலும் தெரியும். கிராமத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். அவர்கள் தினமும் ஒரு கூடைப் பழத்தை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் பிள்ளைகள் கஞ்சி குடித்ததும் ஆளுக்கொரு துண்டு. மழையானாலும் ஒரு துண்டு. சளியானாலும் ஒரு துண்டு. "ஒரு நாளு குடுத்தா அது வேடிக்கை. தினம் குடுத்தாத்தான் அது சாப்பாடு" என்பார்.

தோட்டத்து மருந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் அல்ல. மழையில் நனைந்துகொண்டு லயம் லயமாக ஏறி இறங்குகிறவர். ஆனால் பழம் குளிர்ச்சி என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"உந்தப் பிள்ளையளுக்குப் பழம் குடுக்கவேண்டாம் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்? சளி பிடிக்கும். ஆர் உமக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"ஐயா காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"அது ஏன் உமக்கு?"

"சும்மாதாங்க கேக்குறேன்."

"புட்டும் வாழைப்பழமும்."

"தினமுமா?"

"ஓம், தினமும்தான்."

"அப்ப ஐயாவுக்கு மட்டும் அது சூடுங்களா?"

மருந்தையா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பாதையில் நின்று சிரித்ததை அவர் பார்த்துவிட்டாரோ என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன்.

ஆயாக்காவுக்குச் சொந்தப் பிள்ளை இருந்ததா, புருசன் என்ன ஆனான் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. எத்தனை பிள்ளை என்று கேட்டால், "இருபத்தேழு" என்பார். அடுத்த மாதம் கேட்டால், "இருபத்தொம்பது."

அந்த வருடம் வைகாசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இரத்தினபுரிப் பக்கம் ஆறு ஏறி ரயில் நின்றது. மலை ஊற்றிலிருந்து எங்களுக்குக் குடிதண்ணீர் வருகிற பீலியில் தண்ணீர் தேயிலைச் சாயம் போல விழுந்தது. பிள்ளைகளுக்குக் கழிச்சல் கண்டது. முதலில் மூன்று, பிறகு ஏழு, வார முடிவில் பதினொன்று. அதில் ஒன்று என் மகள். ஒன்றரை வயது. மடியில் தூக்கினால் துணி மூட்டை போலத் தொங்கினாள்.

மருந்தையா பப்பாசியைத்தான் குற்றம் சொன்னார். பெரிய கங்காணி ஆள் வைத்து வேலியோரம் பழக்கூடை வராமல் தடுத்தார். ஆயாக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டிருந்தார். விளக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்த மருந்தையாவை உள்ளே விடவில்லை. "போறதே போயிக்கிட்டிருக்கு. இன்னும் போறதுக்கா எண்ணெய்?" என்றார்.

அதே நாட்களில் பங்களாவில் துரையின் சின்னப் பையனுக்கும் அதே கழிச்சல். ரயில் இல்லாததால் வெறுமையாகத் திரும்பிய தபால் பையை வைக்க நான் குசினி வாசலுக்குப் போனபோது அப்பு ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, கரண்டியால் சுரண்டிக் கூழாக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கூழ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாக மாறியது.

"பேபிக்கு இதுதான்," என்றார் அப்பு. "கொழும்பு டாக்டர் தந்தி அடிச்சிருக்கு. பால் இல்ல, சோறு இல்ல. மூணு நாளைக்கு ஆப்பிள் சுரண்டினது மட்டும். இருந்தது முடியப்போகுது. பெட்டி எப்ப வரும்?"

ரயில் ஓடினால் வரும் என்றேன். இறங்கி வரும்போது மடுவத்து வாசலில் நின்று, அப்பு சொன்னதையெல்லாம் ஆயாக்காவிடம் சொன்னேன். நானாக நின்று பேசியது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சில வருடங்கள் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

அவர் உடனே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினார். துரைசாணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாராம். இவர் கேட்டதும் உள்ளே போய் ஒரே ஒரு ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"பதினோரு புள்ளைங்க, தொரசாணி."

"எனக்கு ஒண்ணுதான் இருக்கு," என்று துரைசாணி சொல்லி அழுதாராம். பழத்தைச் சொன்னாரா பிள்ளையைச் சொன்னாரா என்று தனக்கு விளங்கவில்லை என்றார் ஆயாக்கா. அந்த ஒரு பழத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ரயில் ஓடியது. பெட்டி வந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தலையில் வைத்துச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஐந்து மைல் ஏறினேன். மடுவத்துக்கு எதிரில் ஆயாக்கா பாதையின் நடுவே நின்றார். வாயைத் திற என்று சொல்லவில்லை. "எறக்கு" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே சாக்கு விரிப்பில் பதினொன்றும் வரிசையாகக் கிடந்தன. என் மகள் மூன்றாவது. அழக்கூடச் சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பெட்டி இறங்கியது. அவர் கத்தி முனையால் ஆணிகளை நெம்பினார். தாள் தாளாகப் பிரித்து முப்பத்துமூன்று பழங்களை வெளியே எடுத்தார். மீதி ஏழையும் திரும்பத் தாளில் சுற்றி அடுக்கிப் பலகையை மூடினார்.

"பதினோரு புள்ளைக்கு மூணு நாளு, தினம் ஒண்ணு. தொரப் புள்ளைக்கு ஏழு நாளைக்கு ஏழு. அதுவும் புள்ளதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "கேட்டா, பெட்டிய எறக்கி வச்சிட்டுப் பீலிக்குத் தண்ணி குடிக்கப் போயிட்டேன்னு சொல்லு. வந்து பாத்தா தொறந்து கெடந்துச்சுன்னு சொல்லு. ஒனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு."

தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலைப் பிரட்டில் துரை வந்து நின்றார். எல்லா ஆளும் வரிசையில் நின்றோம். என்னை முன்னால் கூப்பிட்டார்கள்.

"யார் திறந்தது?"

"தெரியாதுங்க. தண்ணி குடிக்கப் போனேனுங்க."

பின்னாலிருந்து ஆயாக்காவின் குரல் வந்தது. "நான்தாங்க தொறந்தேன்." யாரும் கூப்பிடாமலே மடுவத்திலிருந்து வந்து நின்றிருந்தார். கையில் ஒரு பிள்ளை.

"நீ திருடி!" என்று துரை கத்தினார்.

"திருடுனா எதுக்குங்க ஏழு வச்சிட்டுப் போறேன்? தினம் ஒண்ணுன்னு தொரசாணிதான் சொன்னாங்க. அவுங்க சொன்னபடிதான் செஞ்சேன்."

துரை என்னைக் காட்டிக் கேட்டார். "இவன் சொல்றது மெய்யா? தண்ணி குடிக்கப் போனானா?"

ஆயாக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "மெய்தாங்க. நல்ல தாகம் அவனுக்கு."

அந்த இடத்திலேயே பத்துச்சீட்டு எழுதச் சொன்னார் துரை. அதைக் கொடுத்தால் அன்றைக்கே தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும். ஆயாக்கா சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இன்னும் ரெண்டு நாளைக்குப் பழம் இருக்குங்க. குடுத்து முடிச்சிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டு மடுவத்துக்கு நடந்தார்.

வெளியே தள்ளப் பெரிய கங்காணி இரண்டு ஆட்களோடு போனார். மடுவத்து வாசற்படியில் ஒரு பெண் கொழுந்துக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதா படத்துக்கு முன்னால் ஆப்பிள் கீற்று வைத்தவள், என் மனைவி. அவள் பின்னால் இன்னும் எட்டுப் பத்துத் தாய்மார்கள்.

"எந்திரி," என்றார் கங்காணி.

"எம் மவ இன்னைக்குத்தான் கண்ணத் தொறந்து பாத்தா. அவ தின்னு முடிக்கிறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன். வேணும்னா எனக்கும் சீட்டுக் கிழிங்க."

பறிக்கவேண்டிய கொழுந்து மலையில் கிடந்தது. அத்தனை பேருக்கும் சீட்டுக் கிழித்தால் யார் எடுப்பது? கங்காணி திரும்பிப்போனார். அவள் அங்கே அப்படி உட்கார்ந்திருந்தபோது நான் பங்களாக் குசினி வாசலில் தபால் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

பதினொன்றில் ஒன்பது பிள்ளைகள் அந்த வாரமே தவழத் தொடங்கின. ஒன்றுக்குத் தேற நாளாயிற்று. ஒன்றைப் புதைத்தோம். தேறியது ஆப்பிளாலா, கொதிக்க வைத்த தண்ணீராலா, எண்ணெயை உள்ளே விடாததாலா என்று எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. பங்களாப் பையனுக்கும் தேறியது. அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு ஸ்டேசன் முறை. அவரும் மூட்டையோடு கூடவே இறங்கினார். ரயில் வருகிற நேரத்தில், "வாயத் தொற," என்றார். உதட்டை இழுத்துப் பார்த்தார்.

"தேவல. நாளைக்கு மடுவத்துல யாரு பழம் குடுப்பா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

"நான் குடுக்குறேன்க்கா."

"நாளன்னைக்கு?"

"அன்னைக்கும்."

அவர் ஏறிப்போய்விட்டார். பல வருடம் கழித்து நிவித்திகலப் பக்கத்துத் தபால்காரன் ஒருவன், தங்கள் தோட்டத்தில் ஒரு ஆயா வந்திருக்கிறாள், துரையையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறாள் என்றான். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை.

மடுவத்தைச் சுற்றி நானும் என் மனைவியும் கொய்யா நட்டோம். பெரிய கங்காணி இரண்டு தடவை வெட்டச் சொன்னார். வெட்டின இடத்தில் நான்காகத் தழைத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் ஒரு துண்டு, இன்றைக்கு வரைக்கும். மரம் காய்க்காத மாதத்தில் கிராமத்திலிருந்து பப்பாசி. என் மகளுக்கு இப்போது பதினாறு வயது. கரும்பைப் பல்லால் உரிக்கிறாள்.

இதை எழுத உட்கார்ந்தது அதைச் சொல்வதற்காக அல்ல. அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். இப்போது வேறு துரை. அவரும் தினம் ஒரு ஆப்பிள் சாப்பிடுகிறார், பெட்டியை நான்தான் சுமக்கிறேன். இந்தக் கடுதாசி அவர் கைக்குப் போனாலும் போகட்டும். அன்றைக்கு எனக்குத் தாகம் இல்லை. பீலிப் பக்கமே நான் போகவில்லை. தலையிலிருந்து பெட்டியை இறக்கியவன் நான். அவர் ஆணியை நெம்பியபோது பலகை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.